பத்து வெள்ளியும் லயத்து வீடும்

தோட்டத் தொழிலாளிக்கு வீட்டுக் கடன் கிடைக்காததும், நகரத்துப் புறம்போக்குக் குடியிருப்பில் இரவில் அச்சமின்றி நடமாட முடியாததும் ஒரே சிக்கலின் இரு முனைகள். ஐ.நா. மனித வாழ்விட அமைப்பு 2005ஆம் ஆண்டின் உலக அறிக்கையை நகர்ப்புற வீட்டு நிதிக்கும், 2007ஆம் ஆண்டின் அறிக்கையை நகர்ப்புறப் பாதுகாப்புக்கும் ஒதுக்கியது. இரண்டையும் அடுத்தடுத்து எடுப்பவருக்கு, இவற்றை ஏன் பிரித்தார்கள் என்ற ஆதங்கமே மிஞ்சும். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இவை ஒருநாளும் பிரிந்திருந்ததில்லை.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள்; இடையில் பலகைச் சுவர், பின்னால் அடுப்படி, முன்னால் கால்வாய். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த வீடானாலும், வேலை போனால் வீடும் போயிற்று. 1990ஆம் ஆண்டில் வந்த 446ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதித்தது; குடியிருப்பவருக்கு நிலப்பட்டா தரவில்லை. பட்டா இல்லாதவரிடம் வங்கி எதை அடமானம் பிடிக்கும்? கூலியோ மழைக்கும் ரப்பர் விலைக்கும் தக்கபடி ஏறி இறங்கியது. நிலையான வருமானம் இல்லாதோரின் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் திட்டம் 2008இல்தான் வந்தது. அதற்குள் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன.

வீட்டு நிதி என்றதும் மலாயா அமைச்சர் துன் சம்பந்தனின் கூட்டுறவைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் நிலத்தை விற்றுக் கிளம்பினர். வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அன்று சொன்னாலே லயத்தில் அடுப்பு எரியாது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சம்பந்தன் ஆய்வுக்குக் காத்திருக்கவில்லை. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். சில வெள்ளி நாட்கூலி வாங்கிய பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது பல நாள் உழைப்பு. அமைச்சராக இருந்துகொண்டே சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் அந்தப் பத்து வெள்ளியைக் கேட்டார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கி, விற்பனைக்கு வந்த தோட்டங்களைச் சங்கம் வாங்கியது. வெளியேற்றப்பட இருந்தவர்களே பங்குதாரர்கள் ஆயினர். வங்கதேசத்தின் கிராமின் வங்கி ஏழைகளுக்கு வீட்டுக் கடன் தரத் தொடங்கியது 1984இல். அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பே, அடமானம் வைக்க எதுவுமில்லாதவர்களின் சிறு சேமிப்பு நிலமாக மாறும் என்று மலாயாத் தமிழர்கள் காட்டியிருந்தனர். உலகப் பாடநூல்களில் இதற்கு ஒரு பக்கம் இல்லாதது பெரும் அநியாயம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் சாலைக்குச் சம்பந்தன் பெயரை வைத்தவர்கள் அவருடைய கணக்கைத் தொடர்ந்து போட்டிருக்க வேண்டும்.

சங்கம் காப்பாற்றியது ஒரு பகுதியைத்தான். மற்றத் தோட்டங்கள் செம்பனைக்கும், பின்னர் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. அங்கிருந்து வந்தவர்கள் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் வட்டாரத்தின் பலகை வீடுகளிலும், தற்காலிகம் என்று சொல்லிக் கட்டப்பட்ட நீண்ட வீடுகளிலும் தங்கினர். தற்காலிகம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. இடநெருக்கடி, வேலையற்ற இளைஞர், குண்டர் கும்பல், பக்கத்து இனத்தார் மீது சந்தேகம் எல்லாம் ஒரே சந்தில் குவிந்தன. 2001 மார்ச்சில் அங்கு வெடித்த கலவரத்தில் 6 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். வெட்டுக்காயம் பட்டவர்கள் பலர்.

காவல் ரோந்து கூடியது. 2005க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத சிலாங்கூர் என்று மாநில அரசு இலக்கு வைத்தது. பலகை வீடுகள் இடிந்தன, அடுக்குமாடிகள் எழுந்தன. கூரை மாறியது, கடன் தகுதி மாறவில்லை. ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டுக்கு எடுக்க வழி உண்டு என்பார்கள். தோட்டக் கூலியில் சேர்ந்த சேமநிதி நகரத்து வீட்டின் முன்பணத்துக்கே தள்ளாடும்.

லயத்தை இடிக்க அனுமதி கேட்கும் ஒவ்வொரு நிறுவனமும், அதே நிலத்தில் அங்குக் குடியிருப்போர் தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளும் வீட்டை முதலில் கட்டித் தர வேண்டும். நில மாற்றத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் மாநில அரசுகளிடம் இருக்கிறது. அந்த ஒப்புதலுக்கு இதையே நிபந்தனையாக வைக்கட்டும்.