நேர்காணல் இருக்கட்டும், மதிப்பெண்ணுக்குக் கணக்கு இருக்கட்டும்

குடிமைப் பணித் தேர்வில் நேர்காணல் தேவையா என்ற கேள்வி ஆண்டுதோறும் இறுதிப் பட்டியல் வெளியாகும்போது எழுகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. கிராமப்புறத் தேர்வர்களோடும் தமிழ்வழியில் படித்தவர்களோடும் வேலை செய்யும் எங்கள் அமைப்பு இதில் தன் நிலையைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறது. உயர் நிர்வாகப் பணிகளுக்கு நேர்காணல் இருக்க வேண்டும். ஆனால் இன்று அதில் மதிப்பெண் போடப்படும் முறை தொடரக் கூடாது. எழுத்தர் நிலைப் பணிகளுக்கு நேர்காணலே வேண்டாம் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி பணிகளுக்கும், குரூப் பி பிரிவில் அரசிதழ் பதிவு பெறாத பணிகளுக்கும் அதை நீக்கியது சரியான முடிவு. கோப்பைப் பதிவு செய்து உரிய மேசைக்கு அனுப்பும் வேலைக்கு ஒருவரை உட்காரவைத்துப் பேசிப் பார்க்க வேண்டியதில்லை.

யூபிஎஸ்சி தேர்வில் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 1750 மதிப்பெண், நேர்காணலுக்கு 275, மொத்தம் 2025. நேர்காணலின் பங்கு 13.6 சதவீதம். இது சிறிய பங்குதானே என்பவர்கள் உச்ச நீதிமன்றத்தைத் துணைக்கு அழைப்பார்கள். ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் 150-க்கு 50 மதிப்பெண்ணை இரண்டு மூன்று நிமிட நேர்காணலுக்கு ஒதுக்கியதை 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில் நீதிமன்றம் கண்டித்தது. 1985-இல் அசோக் குமார் யாதவ் வழக்கில், ஹரியானா தேர்வாணையத்தின் 22.2 சதவீதம் அதிகம் என்று சொல்லி, யூபிஎஸ்சி அப்போது பின்பற்றிய 12.2 சதவீதத்தை அளவாகக் காட்டியது. அந்த வழக்குகள் பயனுள்ளவை. ஆனாலும் சதவீதத்தை மட்டும் பார்த்தால் உண்மை பிடிபடாது. 2023-ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்றவரின் மொத்தம் 1099, இரண்டாமிடம் 1067. இந்த 32 மதிப்பெண் இடைவெளியில் எழுத்துத் தேர்வில் வந்தது 7 (899, 892), நேர்காணலில் வந்தது 25 (200, 175). மூன்றாமிடம் பெற்றவர் எழுத்தில் இரண்டாமவரை விட 17 குறைவு, நேர்காணலில் 15 அதிகம். முடிவில் இருவருக்கும் இடையே இரண்டே மதிப்பெண். இவர்களின் தகுதி குறித்து எங்களுக்குத் துளியும் ஐயம் இல்லை. எழுத்து மதிப்பெண்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் வரிசையை மாற்றி அடுக்கும் வலிமை நேர்காணலுக்கு இருக்கிறது என்பதற்கு இது சான்று. பட்டியலின் மேல்வரிசையில் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. கீழே, ஐஏஎஸ் கிடைக்குமா வருவாய்ப் பணி கிடைக்குமா, பட்டியலில் இடமே உண்டா என்ற விளிம்பில் நிற்பவருக்கு அதே 15 மதிப்பெண் வாழ்க்கையையே மாற்றிவிடும்.

அந்த 15 எப்படி உருவாகிறது? ஆணைய உறுப்பினர் ஒருவர் தலைமையில், பெரும்பாலும் நான்கு வல்லுநர்கள் கொண்ட குழு ஏறக்குறைய அரை மணி நேரம் பேசுகிறது. தேர்வரின் எழுத்து மதிப்பெண் குழுவுக்குத் தெரியாது. இது மெச்சத்தக்க ஏற்பாடு. ஆனால் தேர்வர் நிரப்பிய விரிவான விண்ணப்பத்தின் விவரங்கள் மேசையில் இருக்கின்றன. சொந்த ஊர், படித்த பள்ளி, பொழுதுபோக்கு என்று போகும் அந்தப் படிவத்திலிருந்தே பெரும்பாலான கேள்விகள் பிறக்கின்றன. ஆகவே இருவரிடம் ஒரே கேள்வி கேட்கப்படுவது அரிது. மனவிழிப்பு, தெளிவாக எடுத்துரைத்தல், சீர்தூக்கும் திறன், தலைமைப் பண்பு, நேர்மை என்று பாடத்திட்டம் பல பண்புகளை அடுக்குகிறது. தேர்வரின் கைக்கு வருவதோ ஒற்றை எண். எந்தப் பண்பில் குறைந்தது என்று அவருக்கும் தெரியாது, பயிற்சி கொடுத்தவருக்கும் தெரியாது. பணியாளர் தேர்வு முறைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து பால் சாக்கெட் குழுவினர் 2022-இல் வெளியிட்ட கட்டுரை இங்கே கவனிக்கத் தக்கது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கும், பின்னாளில் அவர்கள் வேலை செய்யும் தரத்துக்கும் உள்ள தொடர்பு 0.42. மனம்போன போக்கில் உரையாடும் நேர்காணலுக்கு அது 0.19. அத்தொகுப்பு இந்தியக் கலெக்டர்களை அளந்ததல்ல என்பது உண்மைதான். ஆனால் மனிதர் மனிதரை மதிப்பிடும்போது வழுக்குகிற இடம் ஊருக்கு ஊர் அவ்வளவாக மாறுவதில்லை.

நாங்கள் கேட்பது இதுதான். நேர்காணல் நேரத்தில் பாதி, அன்று காலை குலுக்கலில் எடுக்கப்படும் பொதுவான சூழல் கேள்விகளுக்குப் போகட்டும். எடுத்துக்காட்டாக: ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற நீதிமன்றம் கெடு விதித்திருக்கிறது, அங்கே அறுபது குடும்பங்கள் குடியிருக்கின்றன, வடகிழக்குப் பருவமழை தொடங்க மூன்று வாரம்தான் இருக்கிறது, நீங்கள் வருவாய்க் கோட்டாட்சியர், முதல் இரண்டு நாளில் என்ன செய்வீர்கள்? இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. ஆனால் உத்தரவின் கெடுவையும் நில அளவைப் பதிவையும் முதலில் பார்ப்பவர், மாற்றிடம் பற்றி விசாரிப்பவர், குடும்பங்களோடு நேரில் பேசுவதைத் தள்ளிப்போடாதவர், காவல்துறையை எப்போது அழைப்பது என்று யோசிப்பவர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று முன்பே எழுதிவைக்க முடியும். கலந்து பேசுவதற்கு முன்பே உறுப்பினர் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும். பெற்றோர் தொழில், பள்ளியின் பெயர், சமூகப் பிரிவு ஆகியவை குழுவின் கண்ணில் படக் கூடாது. பண்புவாரியான மதிப்பெண் தேர்வருக்குத் தரப்பட வேண்டும்.

இப்படிச் செய்தால் உரையாடலின் உயிர் போய்விடும், பயிற்சி நிறுவனங்கள் இந்தக் கேள்விகளுக்கும் கைடு போட்டுவிடும் என்ற மறுப்பு வரும். கைடு இப்போதும் இருக்கிறது. சொந்த மாவட்டத்தைப் பற்றி, பொழுதுபோக்கைப் பற்றி, பெயரின் பொருளைப் பற்றி மாதிரி நேர்காணல்களில் ஒப்பித்துத் தேர்வதுதான் இன்றைய நிலை. அதற்கான வசதி யாருக்கு அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுபாதி நேரம் தடையில்லாத உரையாடலுக்கு இருக்கவே செய்கிறது. இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: தெலங்கானா 2022-இல் குரூப்-1 பணிக்கே நேர்காணலை நீக்கியதே, பாகுபாட்டை வேரோடு பிடுங்க அதுதானே வழி? இந்த வாதத்தின் பின்னால் நியாயமான கோபம் இருக்கிறது. சீர்திருத்தத்துக்கு ஆணையங்கள் உடன்படாவிட்டால் நாங்களும் அந்தப் பக்கமே சாய வேண்டியிருக்கும். ஆனாலும் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு வரிசையில் நிற்பவரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கத் தெரிந்தவரா என்பதை எந்த விடைத்தாளும் காட்டாது. அதைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே அரை மணி நேரத்தையும் விட்டுவிடுவது மக்களுக்கு நல்லதல்ல.

மொழி விஷயத்தில் சலுகை ஏட்டில் இருக்கிறது. யூபிஎஸ்சி நேர்காணலில் தமிழில் பேசலாம். ஆனால் குழுவில் தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் பதில் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போகிறது. அரை மணியில் பெரும்பகுதி அதிலேயே கரைகிறது, உறுப்பினர்களின் காதில் விழுவது தேர்வரின் சொற்கள் அல்ல. தமிழில் பேச விரும்புவோரின் குழுவில் தமிழறிந்த உறுப்பினர் ஒருவராவது இருக்க வேண்டும். அது இயலாத நாளில் கூடுதல் நேரம் தர வேண்டும்.

இவற்றில் எதற்கும் டெல்லியின் முடிவுக்காகத் தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப்-1 தேர்வில் எழுத்துக்கு 750, நேர்காணலுக்கு 100 மதிப்பெண். தேர்வர்களின் எண்ணிக்கையும் யூபிஎஸ்சியை விடக் குறைவு. பொதுக் கேள்வித் தொகுப்பு, தனித்தனி மதிப்பெண் தாள், மறைக்கப்பட்ட குடும்ப விவரம் ஆகிய மூன்றையும் அடுத்த குரூப்-1 நேர்காணலிலேயே நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும், குழுவுக்குக் குழு சராசரி மதிப்பெண் எவ்வளவு வேறுபட்டது என்பதை முடிவுகளோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்றும் ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.