முதலில் எண்ணுங்கள்

சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. 2046 வரைக்குமான மூன்றாவது திட்டத்தை வகுக்கும் பொறுப்பு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துடையது. நகரின் பழைய மையத்துக்கு, குறிப்பாக அண்ணா சாலைக்கு, அந்தத் திட்டம் என்ன சொல்லப்போகிறது என்பதில் குடிமக்களுக்கு அக்கறை இருந்தாக வேண்டும்.

அண்ணா சாலை ஒரு காலத்தில் கடைவீதியாகவும் கேளிக்கை வீதியாகவும் ஒருசேர இருந்தது. 1964-இல் எழுந்த சஃபையர் வளாகத்தில் மூன்று திரையரங்குகள். அவற்றில் ப்ளூ டைமண்டில் படம் இடைவெளியின்றி ஓடும். ஒரு டிக்கெட்டில் எப்போதும் நுழையலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். வெயிலுக்கு ஒதுங்கிய விற்பனைப் பிரதிநிதிகள் உள்ளே கண்ணயர்ந்ததைச் சொல்லாத பழைய சென்னைக்காரர் குறைவு. அந்த வளாகம் இன்று இல்லை. சாந்தி திரையரங்கு 2016-இல் மூடப்பட்டது. ஆனந்தும் வெலிங்டனும் போய்விட்டன, தேவி நிற்கிறது. ஸ்பென்சர் பிளாசாவின் உள்நடைகளில் இறக்கிய ஷட்டர்களைக் கடந்துதான் திறந்திருக்கும் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. சற்றுத் தள்ளி, கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கால்வைக்க இடமில்லை.

இவ்வளவு சிறிய இடைவெளியில் ஓரிடம் செழிக்கவும் இன்னோரிடம் சோரவும் காரணம் என்ன? வாடகையா, அட்வான்ஸ் தொகையா, மெட்ரோ சுரங்கத்துக்காகப் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த சாலையா, புதிய மால்களா? இதைக் கண்டறியாமல் மறுமலர்ச்சி என்று பேசுவது பொறுப்பற்ற செயல். சாலையின் அகலத்தையும் வாகனங்களையும் அளக்க நம் துறைகளுக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கடை எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, இரவுக் காட்சி விட்டு வரும் பெண் பேருந்து நிறுத்தம்வரை வெளிச்சத்தில் நடக்க முடிகிறதா, பகல் முழுதும் கடையில் நின்று விற்கும் பணிப்பெண்ணுக்குக் கழிப்பறை எங்கே என்பவற்றை அளக்கும் பழக்கம் இல்லை.

இந்த அலட்சியத்தின் விலையை எப்போதும் சிறு வியாபாரிதான் கொடுத்திருக்கிறார். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பின், அங்கிருந்த வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கடை கிடைத்தது; பழைய கூட்டம் கூடவே வரவில்லை. பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகள் 2013-இல் தனி வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2019-இல் அந்தச் சாலை நடப்பவர்களுக்கான அகன்ற வளாகமாகத் திறக்கப்பட்டது. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நடக்க ஓரிடம் கிடைத்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால், நடைபாதை அகன்றதை மட்டும் வெற்றி என்று கொள்வதற்கில்லை. வழிப்போக்கரை நம்பிப் பூவும் வளையலும் விற்றவரை மாடி ஏற்றிவிட்டு, வாடிக்கையாளர் தேடி வருவார் என்று எதிர்பார்த்தது நியாயமன்று.

சட்டத்தில் இதற்குத் தெளிவு இருக்கிறது. தெரு வியாபாரிகள் சட்டம் 2014-இன்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை எவரையும் அகற்றவோ இடம் மாற்றவோ கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு பங்குக்குக் குறையாத இடம் வியாபாரிகளுக்கே உரியது. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்.

ஆகவே அண்ணா சாலைக்கானாலும் ஜார்ஜ் டவுனுக்கானாலும் வரைபடம் பிறகு வரட்டும். பூட்டிய கடைகள், வாடகை, மூடிய அரங்குகள், தள்ளுவண்டிகள், மாலை ஏழு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் தெருவில் இருப்போர் என அனைத்தையும் எண்ணி, அந்தக் கணக்கைத் தமிழில் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும்; வார்டு தோறும் ஆட்சேபணை கேட்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் முன்பாக அழகுபடுத்தும் பெயரில் ஒரு தள்ளுவண்டியை அப்புறப்படுத்தினாலும் அது சட்டமீறலே. உத்தரவிட்ட அதிகாரி அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.