ஓடாவிக்கு வீடில்லை

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்றனர் நம் முன்னோர். இன்று சுயமாகத் தொழில் செய்து சிறு வருமானம் பெறும் ஒருவனுக்குக் கட்டிப் பார்க்கும் வாய்ப்பே கிட்டுவதில்லை. அத்திவாரம் வெட்டுமுன்னரே, வங்கியின் வாசலில் அவனுடைய வீடு இடிந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் நாம் அறிந்த ஓடாவி ஒருவர் இருக்கிறார். இருபது ஆண்டுகளாக ஊரார் வீடுகளுக்குக் கதவும் யன்னலும் கூரையும் செய்து கொடுத்தவர். வாடகையை ஒரு மாதமேனும் பிந்தியவரல்லர். சீட்டுப் பணத்தைத் தவறவிட்டவரல்லர். தையல் வேலை செய்யும் மனைவிக்குச் சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணியை ஈடு வைத்துக் கடன் பெற எண்ணி, இருவரும் வங்கியொன்றுக்குச் சென்றனர்.

சம்பளப் பட்டியல் எங்கே என்றார்கள். சம்பளம் கொடுக்கும் முதலாளி அவருக்கில்லை. வருமான வரிக் கோவை எங்கே என்றார்கள். வரி செலுத்துமளவுக்கு வருமானமில்லை. அவருடைய வரவு செலவு முழுவதும் ஒரு கொப்பியில் இருந்தது. அது கணக்கன்று என்றார்கள். ஈற்றில், அரசாங்க உத்தியோகத்தர் இருவரைப் பிணைக்குக் கொண்டுவருமாறு கூறி அனுப்பினார்கள்.

இதற்கு வங்கியாளர் கூறும் நியாயம் யாது? சுயதொழில் வருமானம் நிலையற்றது. பொதுமக்கள் வைப்பிட்ட பணத்தை ஆபத்துக்குள்ளாக்க முடியாது என்பர். பொதுமக்கள் பணம் காக்கப்பட வேண்டியதே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து யார் தலையில் விழுகிறது என்பதை ஆராய்வோம்.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக்கு 10 இலட்சம் ரூபாவை 15 ஆண்டுத் தவணையில் பெற்ற ஒருவரை எண்ணிப் பாருங்கள். வட்டி 12 சதவீதமாயின் மாதக் கட்டணம் ஏறத்தாழ 12,000 ரூபா. அதே 7 புள்ளிகள் ஏறி 19 சதவீதமாயின் ஏறத்தாழ 16,800 ரூபா. வருமானம் நிலையற்றதென உழைப்பாளியை ஒதுக்கும் வங்கி, தன் வட்டியின் நிலையின்மையை மட்டும் அவன் தோளிற் சுமத்துவது எந்த நீதியைச் சேர்ந்தது?

இனி, சான்று என்ற விடயத்துக்கு வருவோம். 1990 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகத்தின் ஏட்டில், நிதி நிறுவனங்களிடம் பட்ட கடன்கள் பதிவாகின்றன. வீட்டுக்காரரிடம் மாதந்தோறும் நேர்மையாகச் செலுத்திய வாடகைக்கு அங்கே வரியொன்று கிடையாது. கடன்படாமல் வாழ்ந்தமையே குற்றமாகிறது.

1958 இல் உருவான ஊழியர் சேமலாப நிதி, தொழிலாளருக்கு ஓர் அரண். அங்கத்தவர் தம் மீதியைப் பிணையாகக் காட்டி வீட்டுக் கடன் பெறவும் வழியுண்டு. அந்த அரணுக்கு வெளியே நிற்பவர் ஓடாவியும், தையற்காரியும், மீனவரும், முச்சக்கரவண்டி ஓட்டுபவருமாவர். பெண்ணாயின் இன்னொரு பூட்டும் உண்டு. தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் சொந்தக் காணியையும் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி ஈடு வைக்க முடியாதென 1911 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் விதித்தது. கணவன் காணாமற்போன பெண் யாரிடம் சம்மதம் கேட்பது? நீதிமன்றப் படியேறி அனுமதி பெறுக என்கிறது சட்டம்.

சிறு வருமானக்காரர் கடன்படாதிருப்பதே நன்று என்று புத்தி சொல்வோரும் உளர். அவர்கள் கடன்படாமலா இருக்கிறார்கள்? நகை அடகுக் கடையும் நுண்கடன் நிறுவனமும் அவர்களை இருகரம் நீட்டி வரவேற்கின்றன. 2018 இல் நுண்கடன் வட்டிக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பே 35 சதவீதம்! காணியை ஈடாகக் கொடுக்கும் நீண்டகாலக் கடனுக்குத் தகுதியற்றவர், ஈடில்லாக் கொடுங்கடனுக்கு மட்டும் தகுதியுடையவராகும் விந்தையை என்னென்பது?

நாம் தருமம் கேட்கவில்லை. வாடகைப் பற்றுச்சீட்டும், சீட்டுக் கணக்கும், கூட்டுறவுச் சங்கப் பதிவும் வருமானச் சான்றாக ஏற்கப்படவேண்டும். வேலையும் அறுவடையும் மீன்பாடும் மிகும் மாதங்களிற் கூடுதலாகவும், குறையும் மாதங்களிற் குறைவாகவும் செலுத்தத் தவணைகள் அமையவேண்டும். தனியாள் பிணைக்குப் பதிலாக அரசின் உத்தரவாத நிதியொன்று வேண்டும். பெண்ணின் காணிமீது கணவனுக்குள்ள அதிகாரம் நீக்கப்படவேண்டும்.

ஈற்றில் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஓடாவி பிணை தேடி வந்தது ஆசிரியர்களாகிய நம் வீட்டுக்கே. அவர் செய்த கதவைத் திறந்து, அவர் செய்த கதிரையில் அவரை இருத்தி, யோசித்துச் சொல்கிறோம் என்றோம். அவருடைய இருபது ஆண்டு உழைப்பிலும் நமது சம்பளப் பட்டியல் பெறுமதி மிக்கதென்னும் நியதியை அக்கணத்தில் நாமும் ஒப்புக்கொண்டோம். அந்த வெட்கம் நம்மை விட்டு அகலவில்லை. கையொப்பம் இடுவோம், ஆனால் ஓர் உழைப்பாளி இன்னோர் உழைப்பாளியின் வாசலிற் கைகட்டி நிற்கவேண்டிய இந்த முறைக்கெதிராகப் பள்ளியறையிலும் சங்கக் கூட்டத்திலும் குரலெழுப்பாவிடின், அக்கையொப்பம் நாம் இட்ட பிச்சையாகவே எஞ்சும்.