ஒலிநாடாக்களில் உறங்கும் அமானிதம்

 

நம் இல்லங்களில் பரண் மீதோ அலமாரியின் அடித்தட்டிலோ ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதனுள் கேசட்டுகள் கிடக்கும். ஹஜ்ஜுக்குச் சென்றவர் வாங்கி வந்த கிராஅத், மீலாது மேடையில் பதிவான பயான், நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் பாடல்கள், மக்தபில் ஓதிய பிள்ளையின் மழலைக் குரல் என அனைத்தும் ஒன்றாகக் கலந்திருக்கும். அவற்றை இயக்கும் கருவி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் அந்த டின் பழைய பொருள் வாங்குபவரிடம் போய்ச் சேரும். அதனை ஓர் அமானிதமாகக் கருதுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

வளைகுடாவில் பொருள் தேடச் சென்றோரின் குடும்பங்களுக்குக் கேசட்டின் அருமை நன்கு தெரியும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு சாமானியர்க்கு எட்டாத செலவாக இருந்தது. ஊருக்குத் திரும்பும் நண்பரிடம் ஒரு கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார்கள். பக்கத்துக்கு 30 நிமிடமாக ஒரு மணி நேரம் பேசலாம். எழுத்தறியாத தாய்க்கும் மகனின் குரல் நேராக வந்து சேரும். வீட்டார் அதே கேசட்டில் பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். புதிய பதிவு பழையதை அழித்துவிடும் என்பதால், அவ்வாறு பல குரல்கள் அழிந்தும் போயின.

நமது வாப்பா தம்மாமில் பணியாற்றியவர்கள். அவர்கள் அனுப்பியவற்றில் 11 கேசட்டுகளை உம்மா பாதுகாத்து வைத்திருந்தார்கள். வாப்பா மர்ஹூமான பின் அவற்றைக் கேட்கும் துணிவு வீட்டில் எவருக்கும் வரவில்லை. சென்ற ரமழான் விடுமுறையில் நாமும் நம் இளைய சகோதரரும் அவற்றைக் கணினிக்கு மாற்ற அமர்ந்தோம்.

முதல் கேசட்டிலேயே தவறிழைத்தோம். பல்லாண்டுகள் உறங்கிய டேப் ரிக்கார்டரைத் துடைக்காமல், சோதிக்காமல், ஆவல் மிகுதியால் வாப்பாவின் கேசட்டையே அதில் இட்டோம். ஸலாம் சொல்லும் குரல் கேட்டது. சில விநாடிகளில் அது தடித்து, இழுபட்டு, நின்றுபோனது. நாடா உருளையில் சுற்றிக் கசங்கி அறுந்திருந்தது. ஒட்டிச் சேர்த்தபோதும் ஏறத்தாழ ஒரு நிமிடப் பேச்சு மீளவில்லை. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே சென்றுவிட்டார்கள். அந்த மௌனத்தை இன்றும் நம்மால் மறக்க இயலவில்லை.

எனவே, இப்பணியில் இறங்குவோர் பொறுமையிலிருந்து தொடங்க வேண்டும். நாடா உரசிச் செல்லும் தலைப்பகுதியையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து உலர விடுங்கள். உள்ளிருக்கும் ரப்பர் பெல்ட் இளகியிருந்தால் மாற்றுங்கள். கருவியை முதலில் இழந்தாலும் வருந்தத் தேவையில்லாத ஒரு கேசட்டில் சோதியுங்கள். கேசட்டின் மேல்விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டால் தவறுதலாக அதன்மேல் பதிவாகிவிடாது. நாடாவை இறுதிவரை ஒருமுறை ஓட்டித் திரும்பச் சுற்றிய பின்னரே இயக்குங்கள். கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் நாடாவின் மீது வெண்ணிறப் பூஞ்சை படர்வதுண்டு. அத்தகையதை இயக்காமல் அனுபவமுள்ளவரிடம் ஒப்படைப்பதே நன்று.

டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன் துளைக்கு ஒரு கேபிள் போதும். லைன்-இன் இல்லாத கணினிக்கு யுஎஸ்பி ஒலி இணைப்பான் கடைகளில் கிடைக்கிறது. ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். ஒலியளவு உச்சத்தைத் தொட்டுச் சிதையாதவாறு சற்றுக் குறைத்தே வையுங்கள். முதற்பிரதியை வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 600 மெகாபைட் இடம் பிடிக்கும். கேட்பதற்கு அதிலிருந்து ஒரு எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். இரைச்சல் நீக்குவதையும் அந்தப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் அமர்ந்தே ஆக வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது.

அவ்வாறு அமர்ந்ததில்தான் நமக்குப் பல செய்திகள் கிட்டின. ஒரு கேசட்டில் உம்மாவின் பதில் இருந்தது. அவர்கள் ஸலாம் சொல்லி முடித்ததும் டக்கென ஓர் ஒலி. அடுத்த கணமே வாப்பாவின் குரல். உம்மாவின் பேச்சு அழிக்காமல் விட்ட கடைசி நான்கு நிமிடங்கள் அவை. இடையில் தொலைவிலிருந்து பாங்கு கேட்கிறது. வாப்பா பேச்சை நிறுத்துகிறார்கள். பாங்கு முடிந்து, துஆவை மெல்ல ஓதிய பின்னர் தொடர்கிறார்கள். இப்பகுதியை வெட்டிச் சுருக்கலாமா என்று சகோதரர் கேட்டார். வேண்டாம் என்றோம். பாங்குக்கு மரியாதை செய்வது எப்படி என நாம் மாணவர்க்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அந்த மௌனம் அதைவிடத் தெளிவாகக் கற்பித்தது.

ஒலிப்பதிவின் பயனை நம் உலமாக்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். எகிப்தில் ஷைக் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ அவர்கள் குர்ஆன் முழுவதையும் தர்த்தீலாக ஓதிய பதிவு 1961-ல் வெளியானது. இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து கணினிக்கும் மாறி அக்குரல் இன்றும் மாணவர்க்குத் தஜ்வீத் கற்பிக்கிறது. நம் ஊர்களில் மறைந்த ஹஜ்ரத்மார்களின் பயான்களோ பெரும்பாலும் ஒரேயொரு கேசட்டில், ஒரேயொரு வீட்டில் இருக்கின்றன. மரணத்திற்குப் பின்னும் நன்மை தொடரும் மூன்றில் பயனுள்ள கல்வியும் ஒன்று என்பதை நாம் அறிவோம். அத்தகைய நன்மை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் முடங்கிவிடலாகாது.

ஆயினும், பாதுகாப்பது வேறு, பரப்புவது வேறு. இதை நாம் நம் வீட்டிலேயே கற்றோம். ஒரு கேசட்டில் வாப்பா ஊர்ச் செய்திகளை விசாரிக்கிறார்கள். சகோதரர் மகிழ்ச்சியில் அதனைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பப் போனார். முழுதும் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று தடுத்தோம். சற்று நேரத்தில், வாங்கிய கடனைத் திருப்பித் தராத ஓர் உறவினரைப் பெயர் சொல்லி வாப்பா மனம் நொந்து பேசுவது வந்தது. அந்த உறவினரும் இன்று இல்லை. அவருடைய பிள்ளைகள் அதே குழுவில் இருக்கிறார்கள்.

உம்மாவிடம் சொன்னோம். சற்றுப் பொறுத்து உம்மா கூறியது இது: “அந்தக் கடனை உங்க வாப்பா ஹயாத்தோட இருக்கும்போதே மன்னிச்சுட்டாங்க தம்பி. அது டேப்ல இல்ல.”

ஒலிநாடா மனக்குறையைப் பதிவு செய்திருக்கிறது. மன்னிப்பைப் பதிவு செய்யவில்லை. அந்தக் குறையை மட்டும் நாம் பரப்பியிருந்தால், மன்னித்துச் சென்ற ஒருவரை மன்னிக்காதவராக அவர் பிள்ளைகளே காட்டியிருப்போம். சபையில் பேசப்படுபவை அமானிதம் என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியிருக்கிறார்கள். மனைவியை மட்டும் நம்பிப் பேசிய பேச்சு அதனினும் பெரிய அமானிதம் அன்றோ! அந்தக் கேசட்டை முழுமையாக மாற்றி உம்மாவின் பொறுப்பில் வைத்தோம். குழுவுக்குப் பாங்கு கேட்கும் அந்த நான்கு நிமிடங்களை மட்டும், உம்மாவின் சம்மதத்துடன் அனுப்பினோம்.

எனவே, எதையும் முழுதும் கேட்காமல் அனுப்பாதீர்கள். பேசியவர் உயிருடன் இருந்தால் அவரிடமும், இல்லையேல் வாரிசுகளிடமும் அனுமதி பெறுங்கள். கடையில் வாங்கிய கேசட்டுகளை வீட்டு உபயோகத்திற்கு மாற்றிக்கொள்வதுடன் நில்லுங்கள். விற்கவோ இணையத்தில் ஏற்றவோ முனையாதீர்கள். படைப்போரின் உரிமை மார்க்கத்தில் பேணப்பட வேண்டியது என 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்துள்ளது.

வெறும் சினிமாப் பாட்டுதானே என்று எந்தக் கேசட்டையும் கேளாமல் எறிந்துவிடவும் வேண்டாம். பாட்டுக் கேசட்டின் மேல் பேச்சைப் பதிந்த வீடுகள் ஏராளம். அட்டையில் ஒன்றிருக்கும், நாடாவில் வேறொன்றிருக்கும்.

பேசுபவர் யார், எங்கே, எந்த ஆண்டு என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். ஒரு செய்தி யார் வழியாக வந்தது என்பதை ஆராய்ந்து பேணிய சமுதாயம் நாம். அக்குரல்களை அடையாளம் காட்டவல்ல பெரியவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். இந்த ஜும்ஆவுக்குப் பின் டின்னை இறக்கி அவர்கள் முன் வையுங்கள்.

நம் முன்னோரின் குரல்களைப் பேணவும், அவர்களின் கண்ணியத்தைக் காக்கவும், அவர்கள் மன்னித்ததை நாமும் மன்னிக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.