பின்னே கிடக்கும் கோடு

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து அவர்கள் எதனை எதிர்பார்த்திருப்பர் என்பதை யான் அறியாதவனல்லன். சங்கச் செய்யுளின் நயமோ, இலக்கண மரபு பற்றிய ஆராய்ச்சியோ அவர்தம் எண்ணத்திலே இருந்திருத்தல் கூடும். யானோ பனிமலையிலே பலகையொன்றின்மேல் நின்று சறுக்கும் விளையாட்டைப் பற்றி எழுதத் துணிந்துள்ளேன். பனி பெய்யாத நாட்டிலே பிறந்து, வேட்டி கட்டிக் கரும்பலகை முன் நிற்கும் ஒருவனுக்கு இது பொருந்துமோ என அன்பர்கள் நகைக்கலாம். முடிவுவரை படித்தபின் நகைக்குமாறு வேண்டுகின்றேன். ஏனெனில், இக்கட்டுரை உண்மையில் எனது தொழிலிலே யான் செய்த பிழையொன்றைப் பற்றியதாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் விடுமுறையில், சுவிற்சர்லாந்திலே வாழும் என் தமக்கையாரிடம் சென்றிருந்தேன். என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவரும் அந்நாட்டிலே தொழில் புரிகின்றார். அவர் என்னைத் தேடிவந்து, கிறவுபுண்டன் மாநிலத்திலுள்ள தாவோஸ் என்னும் மலைநகருக்கு அழைத்துச் சென்றார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1560 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊர் அது. தமக்கையாரின் கணவருடைய தடித்த மேலங்கிக்குள் ஒடுங்கி, பொல்கன் என்னும் சரிவின் அடியிலே யான் நின்றேன். பனிச்சறுக்குவோரைக் கம்பிவடத்தால் மேலே இழுத்துச் செல்லும் ஏற்றிகளுள் மிகப் பழையதொன்று 1934ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்ட இடம் அதுவேயாம். பெரிதும் தொடக்கநிலையினர் பழகும் சரிவு அது. பத்து ஆண்டுகளாகப் பனிப்பலகை பழகியவர் என என் தமக்கையார் புகழ்ந்த அம்மாணவர், ஆறேழு வயதுச் சிறுவர்களுக்கிடையே அங்கு நிற்பதைக் கண்டு வியந்தேன்.

பனிப்பலகையின் வரலாறு நீண்டதன்று. 1965ஆம் ஆண்டு நத்தார் நாளிலே, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த சேர்மன் பொப்பன் என்பார், தம் பெண்மக்கள் விளையாடுதற்காக இரண்டு சறுக்குமட்டைகளை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். அவ்விளையாட்டுப் பொருளிலிருந்து வளர்ந்த கலை 1998ஆம் ஆண்டிலே யப்பானின் நகானோ நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவிலே இடம்பெற்றது. இதனுள் அல்பைன் பலகை என்பது தனியொரு கிளை. வளையாத பிளாத்திக்கு மூடுகாலணி, ஒடுங்கி நீண்ட விறைத்த பலகை, முன்னோக்கித் திருப்பிப் பூட்டிய பாதங்கள் என்பன அதன் அடையாளங்கள். வானிலே பாய்ந்து கரணம் போடுதல் அதன் நோக்கமன்று. திரும்புதல் ஒன்றே அதன் நோக்கம். 2018ஆம் ஆண்டிலே தென்கொரியாவின் பியோங்சாங்கில், செக் நாட்டவரான எஸ்தர் லெடெக்கா என்னும் நங்கை, சறுக்குமட்டைப் போட்டியொன்றிலே ஒரு செக்கனின் நூறிலொரு பங்கு வித்தியாசத்திற் பொற்பதக்கம் வென்று, ஒரு வாரத்தின்பின் அல்பைன் பலகைப் போட்டியிலும் பொற்பதக்கம் வென்றமையைச் செய்தித்தாள் படிப்போர் நினைவுகூர்வர். அத்தகைய வல்லுநரின் கலையும் ஒரு திருப்பத்திலேயே தொடங்குகின்றது.

திரும்புதல் இரு வகைப்படும். பலகையைக் குறுக்கே தள்ளிப் பனியைத் தேய்த்துக்கொண்டு திரும்புதல் ஒன்று. பலகையை ஒருபக்கம் சாய்த்து, அதன் உருக்கு விளிம்பு பனியைக் கீறிச் செல்ல, அவ்விளிம்பின் வழியே பலகை தானே வளைந்து செல்லவிடுதல் மற்றொன்று. இதனையே அவர்கள் கார்விங் என்பர். பலகை இடையிலே ஒடுங்கியும் இரு முனைகளிலே அகன்றும் இருத்தலின், அதன் பக்கவிளிம்பு பெரியதொரு வட்டத்தின் பகுதியாக அமைகின்றது. பலகையைச் சாய்த்து அதன்மேல் நிறையை ஏற்றினால் அது வில்லைப்போல் வளைகின்றது. எவ்வளவு சாய்க்கின்றோமோ அவ்வளவுக்கு வட்டம் சிறுக்கின்றது. பக்கவளைவின் ஆரை 10 மீற்றராகவுள்ள பலகையைப் பனித்தளத்துக்கு 60 பாகை சாய்த்தால், கீறப்படும் வட்டத்தின் ஆரை ஏறத்தாழ 5 மீற்றராகும். ஆகவே திருப்புவது தோளன்று, கையுமன்று, சாய்வே திருப்புகின்றது. சறுக்குவோன் செய்யவேண்டியது, சாய்த்துவிட்டுப் பொறுத்திருத்தலாம்.

பொறுத்திருத்தலே அரிது. பலகையின் முனை சரிவின் நேர்கீழே நோக்கும் அக்கணத்திலே வேகம் பெருகுகின்றது, அச்சம் எழுகின்றது. அச்சம் எழுந்தவுடன் தோளை வீசிப் பலகையைக் குறுக்கே தள்ளுகின்றான். விளிம்பு பிடி விடுகின்றது. பனி தூளாய்ப் பறக்கின்றது. வேகம் குறைகின்றது, அவனும் விழாமற் கீழே வந்து சேருகின்றான். பார்ப்பவர் அதனையும் திறமை என்றே எண்ணுவர். எனது மாணவர் பத்தாண்டுகள் செய்தது இதுவே. மற்றுமொரு பிழையும் அவரிடம் இருந்தது. ஆழச் சாய்வதாகத் தோன்றுதற்காக இடுப்பிலே குனிந்து கையாற் பனியைத் தொடுவார். கை பனியைத் தொட்டதேயன்றிப் பலகை அதிகம் சாயவில்லை. உடலின் நிறை விளிம்பிலிருந்து விலகியதே மிச்சம்.

அன்று அவருக்குக் கற்பித்தவர் அவ்வூர் மூதாட்டியார் ஒருவர். அவர் அதிகம் பேசவில்லை. மாணவர் ஒருமுறை சறுக்கி நின்றவுடன், தம் கைத்தடியால் மேலே சுட்டிக்காட்டுவார். இரவிலே இயந்திரத்தாற் சமன்செய்யப்பட்ட சரிவு, காலையிலே உழுத வயலின் சால்போல நுண்ணிய வரிகளோடு கிடக்கும். அதன்மேல் மாணவர் வந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. தொடக்கத்திலே பென்சிற் கோடு. நடுவிலே துடைப்பத்தாற் பெருக்கியது போன்ற அகன்ற பட்டை. இறுதியில் மீண்டும் கோடு. எந்த இடத்திலே பிழை செய்தார் என்பதை ஆசிரியர் கூறவேண்டியதேயில்லை. பனி கூறிற்று.

பின்னர் அவர் விதித்த பயிற்சிகள் மிக எளியவை. முதலில், திரும்பவே வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே ஒரு விளிம்பில் மட்டும் செல்க. முழங்காலையும் கணுக்காலையும் மடித்துச் சாய்க்க. நின்று கோட்டைப் பார்க்க. அடுத்து, அதே விளிம்பிற் சாய்ந்தபடியே, பலகை மேல்நோக்கி வளைந்து தானே நிற்கும்வரை காத்திருக்க. வேகத்தைக் குறைப்பது தேய்ப்பன்று, திருப்பத்தை முழுமையாக முடித்தலே என்பதை உடல் அறிதற்கு இது வழி. மேல்நோக்கி வளையுமுன் மேலிருந்து எவரேனும் வருகின்றாரோ எனப் பார்த்தல் கட்டாயம். மேலே நோக்கிச் செல்வோன் சரிவின் மேலும் கீழும் நோக்கவேண்டும் என்பது சருவதேச விதி. மூன்றாவதாக, விரல்நுனிப்பக்க விளிம்பிலிருந்து குதிப்பக்க விளிம்புக்கு முன்கூட்டியே மாறுக. பலகை நேர்கீழே நோக்குமுன்னரே புதிய விளிம்பு பனியைப் பற்றியிருத்தல் வேண்டும். கண் பாதத்தை நோக்காது, திருப்பம் முடியும் இடத்தை நோக்குக. இவையனைத்தும் மென்சரிவிலேயே. செங்குத்தான சரிவில் அச்சம் ஆசிரியனாகிவிடும். அது கற்பிப்பது தேய்ப்பு ஒன்றையே.

நண்பகலில், சூடான சூப்புக் கிண்ணத்தைக் கையிலேந்தியபடி அம்மாணவர் சொன்னார்: "சேர், பத்து வருஷமாக ஒவ்வொரு முறையும் கீழே வந்து சேர்ந்திருக்கிறேன். ஒருமுறையாவது ஒழுங்காகத் திரும்பியதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது." யான் புன்னகைத்தேன். அவர் புன்னகைக்கவில்லை. சற்று நேரம் கழித்துத் தொடர்ந்தார்: "தமிழிலும் அப்படித்தான், சேர். நீங்கள் தந்த கட்டுரைகளைப் பாடமாக்கி நல்ல சித்தி பெற்றேன். போன வருஷம் அப்பா இறந்தபோது கல்வெட்டுக்கு அவரைப்பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். இரண்டு இரவு இருந்தேன். வந்ததெல்லாம் உங்கள் வசனங்கள். அப்பா அதில் இல்லை."

அவர் என்னைக் குறைகூறவில்லை. குறைகூறியிருப்பின் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இருபது ஆண்டுகளை அண்மிக்கும் என் ஆசிரியப் பணியிலே, பரீட்சைக்கு வரத்தக்க தலைப்புக்கள் இவையென வகுத்து, ஒவ்வொன்றுக்கும் கட்டுரை எழுதி, பிரதி எடுத்து, மனனஞ் செய்வித்து வந்தேன். பெறுபேறுகள் நன்றாயிருந்தன. பெற்றோர் மகிழ்ந்தனர், அதிபர் பாராட்டினார். மாணவரெல்லாம் விழாமற் கீழே வந்து சேர்ந்தனர். அவர்கள் பின்னே கிடந்த தடத்தை யான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இதற்கு மறுப்புக் கூறுவாருளர். "பாடவேளை குறைவு, பரீட்சையோ அண்மையில், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலே ஒவ்வொருவனையும் மென்சரிவுக்கு இட்டுச்செல்ல இயலுமோ?" என்பர். நியாயமான வினாவே. மனனஞ் செய்தல் தீதென்று யான் கூறவில்லை. செய்யுளும் நிகண்டும் நெஞ்சிலே நின்றமையாலன்றோ நம் முன்னோர் தமிழ் பிழைத்தது. பனிப்பலகையிலும் தேய்ப்பு வேண்டாததன்று. ஒடுங்கிய வழியிலும், திடீரென நிற்கவேண்டிய இடத்திலும் அதுவே உயிர்காக்கும். வேண்டும்பொழுது தேய்ப்பவன் வல்லவன். தேய்ப்பதன்றி வேறறியாதவன் அச்சத்துக்கு அடிமை. மனனஞ் செய்த வசனமும் அத்தகையதே.

பிழையான பழக்கத்தின் கேடு, அது நம்மை வீழ்த்துவதன்று, வீழ்த்தாமலிருப்பதே. முற்றும் அறியாதவன் விழுகின்றான், விழுந்தமையாற் கற்கின்றான். அரைகுறையாய்க் கற்றவன் விழுவதில்லை. ஆதலின், கற்கவேண்டுமென்ற எண்ணமே அவனுக்கு எழுவதில்லை. அவனை மீட்க வழி இரண்டே உள்ளன. ஒன்று, பழைய வேகத்தைக் கைவிட்டு எளிய சரிவுக்கு இறங்கிவருதல். மற்றொன்று, தன் தடத்தைத் தானே பார்க்கும் வழக்கம். முன்னையதற்கு நாணத்தை விடவேண்டும். பின்னையதற்கு நேர்மை வேண்டும்.

ஊர் திரும்பியபின் யான் செய்தது பெரிதன்று. கட்டுரைப் பிரதிகளைக் கொடுப்பதை நிறுத்தினேன். வாரந்தோறும் ஒரு பந்தி. எட்டு வசனங்களுக்கு மேற்படாதது. தலைப்பும் எளியது: வீட்டுக் கிணறு, காலையில் வந்த வழி, அம்மாவின் கை. எழுதியதை யான் சிவப்பு மையால் உடனே திருத்துவதில்லை. அடுத்த வாரம் எழுதியவனே அதனை உரக்கப் படித்து, எந்த வசனம் தன்னுடையது, எது இரவல் என அடிக்கோடிட வேண்டும். முதல் மாதங்களிலே பந்திகள் வறியனவாயிருந்தன. நன்றாக எழுதுவோன் எனப் பெயர்பெற்றவனே பெரிதும் இடர்ப்பட்டான். அவனது மாணவப் பெருமை சிறுவர் சரிவிலே நிற்க நாணிற்று. பெற்றோர் சிலர் வந்து வினவினர். பெறுபேறு ஓராண்டு சற்றுத் தாழ்ந்ததையும் மறைக்கமாட்டேன். அவ்வாண்டு யான் உறக்கமின்றிக் கழித்த இரவுகள் பல. ஆயினும் பழைய வழிக்கு மீளவில்லை.

யானும் அவர்களுடன் இருந்து எழுதுகின்றேன். என் பந்திகளிலும் இரவல் வசனங்கள் எத்தனை என்பதைக் கண்டு வெட்கினேன். ஆசிரியன் மென்சரிவுக்கு வராது மாணவனை மட்டும் அனுப்புதல் முறையன்று. பயிற்றப்பட்ட ஆசிரியனென்னும் தராதரப்பத்திரம் என்னிடம் உண்டு. ஆனால் பயிற்சி முடிந்ததென அது கூறவில்லை என்பதை நாற்பது வயது கடந்தபின்னரே உணர்ந்தேன்.

விழாக் காலம், ஒரு கல்லூரி தான் அடைந்த உயரங்களை எண்ணி மகிழும் காலம். சித்தியெய்தினோர் தொகையையும், பதவி பெற்றோர் பெயரையும் இம்மலரின் வேறு பக்கங்களிலே அன்பர்கள் காண்பர், அவை பெருமைக்குரியனவே. எனினும், விழாவென்பது சறுக்கி வந்தவன் நின்று திரும்பி மேலே நோக்கும் கணமாகவும் அமையலாம். எங்கே கோடு, எங்கே பட்டை என்பதைப் பழைய மாணவரும் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கிருந்து பார்ப்போமாயின், அடுத்த விழாவுக்கு நம் தடம் மேலும் தெளிவாயிருக்கும்.

அம்மாணவர் சென்ற மாதம் எனக்கொரு கடிதம் எழுதியிருந்தார். தந்தையாரைப் பற்றிய ஒரு பக்கம் அதனுடன் இருந்தது. கல்வெட்டு அச்சாகிப் பல காலம் சென்றபின் எழுதியது. சந்தைக்குச் செல்லும் சைக்கிளின் பின்னிருக்கையிலே மகனை இருத்தி, அவன் கால் சில்லிற் படாதவாறு ஒரு கையாற் பிடித்துக்கொண்டே மிதிக்கும் ஒரு மனிதர் அப்பக்கத்திலே இருந்தார். எழுத்துப் பிழைகள் மூன்று. சந்திப் பிழைகள் பல. திருத்தவில்லை.