மாலை வேலை பகல் வேலையாகும்போது

அலுவலகம் முடிந்து வீடு திரும்பியதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்பவர் பாளையங்கோட்டையில் உண்டு. பள்ளி விட்டதும் தேனீப் பெட்டிகளைப் பார்க்க விரையும் ஆசிரியரும், விடுமுறை நாள்களில் கருப்பட்டி மிட்டாய் செய்து வெளியூருக்கு அனுப்பும் எழுத்தரும் நம் தாமிரபரணிக் கரை ஊர்களில் உண்டு. "வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமும் செய்தால் என்ன?" என்னும் பேச்சு இவர்கள் இல்லங்களில் எழுகிறது. கணவனும் மனைவியும் அதைப் பேசி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடுகிறது.

இவர்களுக்கு நம் மண்ணில் பிறந்த ஒருவரை நினைவூட்ட விரும்புகிறோம். ஆபிரகாம் பண்டிதர் 1859-இல் சுரண்டைக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். அவ்வூர் 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற அவர், 1883-இல் தஞ்சையில் ஒரு பெண்கள் பள்ளியில் பணியேற்றார். அவருடைய மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் அங்கேயே ஆசிரியை. சித்த மருத்துவம் பண்டிதரின் ஓய்வுநேர ஈடுபாடாக இருந்தது. 1890-இல் அவர் ஆசிரியப் பணியை விட்டு, முழுநேர மருத்துவரானார்.

வேலையை விட்ட துணிவையே எல்லாரும் புகழ்வர். நமக்கோ அதற்கு முந்தைய ஏழாண்டுகளே பெரிதாகத் தெரிகின்றன. அந்த ஏழாண்டும் வீட்டு அடுப்பு சம்பளத்தில் எரிந்தது. மருந்து மெல்ல மெல்லப் பெயர் தேடிக்கொண்டது. மனைவியின் ஒத்துழைப்பின்றி இது நடந்திராது. ஆனால் பண்டிதரைப் பற்றிப் பேசுவோர் அந்த அம்மையாரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர் என்பது நம் மனக்குறை.

வேலையை விட்டபின் முதலில் திகைக்க வைப்பது பணமன்று, நேரம். பள்ளியில் மணி அடித்தால் வகுப்பு முடிகிறது. சொந்தத் தொழிலில் மணியடிப்பார் யாருமில்லை. சிலர் பத்து மணிக்குத்தான் எழுவர். வேறு சிலர் நள்ளிரவு தாண்டியும் ஓயமாட்டார். இரண்டும் வீட்டைக் கெடுக்கும். போதாக்குறைக்கு, "வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்று சொல்லி நியாயவிலைக் கடைக்கும் உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் அனுப்பிவைப்பர். தனி அறை இல்லாவிட்டாலும் தனி மூலையும் குறித்த நேரமும் வேண்டும். அந்த நேரத்தில் அப்பா வேலையில் இருக்கிறார் என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். ஓராண்டு வீட்டுச் செலவுக்கான தொகை கையில் சேராமல் விலகல் கடிதம் எழுதாதீர்கள். தொழிலுக்கென வங்கியில் தனிக் கணக்கு வைத்து, மாதம் பிறந்ததும் அதிலிருந்து உங்களுக்கு நீங்களே ஒரு குறிப்பிட்ட சம்பளம் கொடுங்கள். அலுவலகம் தந்த மருத்துவக் காப்பீடு விலகியபின் பெரும்பாலும் தொடராது. எனவே வேறொன்றை முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்தவரும் எதிர்பாராத இழப்பு ஒன்று உண்டு. மேலதிகாரி கடிந்துகொண்ட நாளில், மாலையில் அந்தத் தையலோ தேனீயோதான் ஆறுதலாக இருந்தது. இப்போது அதுவே கணக்கும் கடனும் வாடிக்கையாளரின் குறையுமாக எதிரே நிற்கிறது. ஆறுதலுக்கு எங்கே போவது?

பண்டிதருக்கு இசை இருந்தது. திண்டுக்கல் நாள்களிலேயே வயலின் பயின்றவர் அவர். கோரோசனை மாத்திரை பெரும்புகழ் பெற்று, தஞ்சைக்கு வெளியே சொந்த நிலத்தில் மூலிகை பயிரிடும் அளவுக்கு மருத்துவம் வளர்ந்தபோதும் அவர் இசையை விடவில்லை. அதைக் காசாக்கவும் முயலவில்லை. 1912 முதல் 1914 வரை தஞ்சையில் ஆறு இசை மாநாடுகளைத் தம் சொந்தச் செலவில் நடத்தினார். பள்ளியை விட்டு இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1917-இல், தமிழிசை பற்றி ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய 'கருணாமிர்த சாகரம்' நூலை வெளியிட்டார். அதை அச்சிட்டதும் அவருடைய சொந்த அச்சகமே. அவ்வளவுக்கும் வேண்டிய பணத்தை மருந்து ஈட்டித் தந்தது.