“எந்த ஊர்ப் பெடியன்?” என்று கேட்பவர்களுக்கு

2024 ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு காலை, இலண்டனில் இருந்து பல்கலைக்கழகத்துப் பழைய நண்பர் ஒருவர் அழைத்தார். “மச்சான், எங்கட பெடியன் ஒருத்தன் இங்கிலாந்தில பந்தடிச்சுப்போட்டான். உங்கட பேப்பரில முன்பக்கத்தில போடு” என்றார். அந்தப் பெடியனின் பெயர் விமல் யோகநாதன். வேல்ஸ் நாட்டில் பிறந்தவர், ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகன், நடுக்கள வீரர். அந்த வாரத்தில்தான் பான்ஸ்லி கழகத்துக்காக லீக் கிண்ணப் போட்டியில், விகன் அத்லெட்டிக் கழகத்துக்கு எதிராக முதன்முறையாக மைதானத்தில் இறங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது 18. ஆங்கிலேயரின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்று செய்திகள் அவரைக் குறித்தன.

மகிழ்ந்தேன். மகிழாமல் இருக்க நான் என்ன கல்லா? ஆனால், அன்று மாலைக்குள் என் தொலைபேசியில் வந்து குவிந்த செய்திகளில் பாதிக்குமேல் ஒரே கேள்வியாக இருந்தது. “எந்த ஊர்?” அச்சுவேலியா, இடைக்காடா, வளலாயா, கடல் கடந்து தீவகமா? அவர் எவ்விடத்தில் ஆடுகிறார், இடது காலா வலது காலா, பான்ஸ்லி எந்தப் பிரிவில் ஆடும் கழகம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரைக் கண்டுபிடித்தால் போதும், பாராட்டுப் பதாகை ஒன்று கட்டிவிடலாம். இந்தக் கேள்வியைக் கேட்டவர்களோடுதான் இன்று எனக்கு வழக்கு.

அந்தப் பிள்ளையை ஆக்கியது எது என்று முதலில் பார்ப்போம். சிறுவயதிலேயே லிவர்பூல் கழகத்தின் இளையோர் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தவர் அவர். இங்கிலாந்தின் பெரிய கழகங்கள் ஒன்பது வயதுக்குட்பட்ட பிரிவிலிருந்தே பிள்ளைகளைப் பதிவுசெய்துகொள்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் சிலரை வைத்துக்கொண்டு பலரை அனுப்பிவிடுகின்றன. இரக்கமற்ற வடிகட்டல் அது. லிவர்பூலை விட்டுப் பிரிந்தபின் பான்ஸ்லியின் இளையோர் அணிக்கு வந்து, அங்கே மறுபடியும் கீழ்ப்படியில் இருந்து ஏறினார். பான்ஸ்லி நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்த ஒரு தொழிலாளர் நகரம். 1912இல் எப்.ஏ. கிண்ணத்தை வென்ற பழம்பெருமை அதற்கு உண்டு. விமல் முதன்முதல் இறங்கிய வேளையில் அக்கழகம் மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. பெருங்கழகத்தின் வாசலில் இருந்து இறங்கிவந்து சிறுகழகத்தில் இடம்பிடிப்பதற்கு ஒரு பதின்ம வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப்பார்த்தோம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே 16 வயதில் ஒரு பிள்ளையைக் கழகம் பயிலுநராக எடுத்துக்கொண்டால், அவருடைய படிப்புக்கும் கழகமே வழிசெய்யவேண்டும். பந்தா, புத்தகமா என்ற கேள்வியையே அவர்கள் பிள்ளையின் முன் வைப்பதில்லை. நாமோ அந்தக் கேள்வியை ஒன்பதாம் வகுப்பிலேயே வைத்து, விடையையும் நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

அச்சுவேலியில் என் வீட்டுக்கு அருகே ஒரு திடல் உண்டு. செம்மண் தரை. வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே, பலாலிக்கு இறங்கும் விமானத்தின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் கிடக்கிறது. அங்கே இரண்டு ஆண்டுகளாக ஒரு பையனைப் பார்த்துவந்தேன். பெயர் வேண்டாம். பந்து வருமுன்னே தலையைத் திருப்பி இருபுறமும் பார்த்துக்கொள்வான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நடுக்கள வீரனுக்கு அது பிறவியில் வரவேண்டும். கடந்த தைமாதம் அவனைக் காணவில்லை. தாயிடம் விசாரித்தேன். “சாதாரண தரம் வருகுதெல்லோ அண்ணை, பின்னேரம் ரியூசன். பந்து சோறு போடுமோ?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்தத் தாயை நான் குறைசொல்லமாட்டேன். அவருக்கு வேறு வழியைக் காட்டும் ஒருவர்கூட இந்த ஊரில் இல்லை. தொடர்ந்து ஆடி, ஒரு கழகத்தில் சம்பளம் பெற்று வாழும் ஒரேயொரு மனிதரை அவர் கண்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும்.

“போர்தான் காரணம்” என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. போரை எனக்குச் சொல்லித்தர வேண்டாம். 1995 ஐப்பசியில் வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்தபோது அந்தச் சனத்துக்குள் நானும் ஒருவனாக நடந்தேன். யாழ். துரையப்பா விளையாட்டரங்கின் மண்ணுக்குள் இருந்து 1999இல் மனித எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டதையும் அறிவேன். நாம் பந்து விளையாடிய நிலத்துக்குக் கீழே என்ன கிடந்தது என்பதை மறந்து எழுதுபவன் அல்லன் நான். ஆனால், போர் முடிந்தது 2009இல். அந்த ஆண்டு பிறந்த பிள்ளை இன்று சாதாரண தரப் பரீட்சை வயதைத் தாண்டிவிட்டது. அந்தப் பிள்ளையின் பின்னேரங்களைப் பறித்தது பீரங்கி அன்று, பிரத்தியேக வகுப்பு. அதற்குப் பொறுப்பாளிகள் நாம்தாம்.

பழைய மாணவர் சங்கங்களையும் தொடாமல் விடமுடியாது. கடல் கடந்த காசு இங்கே கோபுரமாகிறது, நுழைவாயில் வளைவாகிறது, நூற்றாண்டு மலராகிறது. சம்பளம் பெறும் ஒரு முழுநேர உதைபந்தாட்டப் பயிற்றுநராக அது ஆகுவதை நான் காண்பது மிக அரிது. வளைவில் பெயர் பொறிக்கலாம். பயிற்றுநரின் முதுகில் பொறிக்க இயலாது அல்லவா?

என் தொழிலையும் விட்டுவைக்கக் கூடாது. யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் ஆடும் ‘வடக்கின் பெரும் சமர்’ துடுப்பாட்டத்துக்கு ஆண்டுதோறும் பக்கம் பக்கமாக ஒதுக்கியவன் நான். அதே வாரங்களில் தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் வென்றுவந்த செய்தியை, இடமில்லை என்று நான்கு வரியாக நறுக்கியதும் இதே கைதான். அந்த நான்கு வரியும் சில நாள்களில் மரண அறிவித்தல்களுக்கு வழிவிட்டது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் மற்றவரைக் குற்றஞ்சாட்டுவது அதைவிட வெட்கம்.

நாட்டின் நிலையோ இதைவிட மோசம். நிர்வாகக் குழப்பத்தால் 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. அந்நாள்களில் உலகத் தரவரிசையில் நமது இடம் 200க்கும் கீழே. வேல்ஸ் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 31 இலட்சம். இலங்கையினது 2 கோடியே 17 இலட்சம். அந்தச் சிறுநாடு 2016இல் ஐரோப்பியக் கிண்ணத்தின் அரையிறுதிவரை சென்றது, 2022இல் உலகக் கிண்ணத்தில் ஆடியது. ஆள்தொகையில் இல்லை வித்தியாசம், ஏற்பாட்டில் இருக்கிறது.

இனி அந்த இளைஞரைப் பற்றி ஒரு வார்த்தை. “அவர் இலங்கைக்கு ஆடவேண்டும்”, “தமிழுக்காக ஏதாவது பேசவேண்டும்” என்று முகநூலில் பலர் கட்டளையிடுகிறார்கள். இங்கிலாந்தில் வளர்ந்த நடுக்கள வீரர் ஹம்சா சௌத்ரி 2025 மார்ச்சில் பங்களாதேசுக்காக ஆடியதை எடுத்துக்காட்டுகிறார்கள். சௌத்ரி பல ஆண்டுகள் தொழில்முறையில் ஆடி முதிர்ந்தபின், தாமாக எடுத்த முடிவு அது. வேல்ஸின் இளையோர் அணிகளில் ஆடிய விமலுக்கு வழிவிட்டது வேல்ஸ். அவருக்கு ஒரு சோடிக் காலணிகூட வாங்கிக்கொடுக்காத நாம் எந்த உரிமையில் கட்டளையிடுகிறோம்? அவரை நிம்மதியாக ஆடவிடுங்கள். ஒரு நல்ல நடுக்கள வீரராக வந்தாலே அவர் நமக்குச் செய்யக்கூடியதெல்லாம் செய்தவராவார்.

ஊர் கேட்டவர்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. பதாகைக்கு வைத்திருக்கும் பணத்தை ஒன்றுசேர்த்து, உங்கள் ஊர்த் திடலுக்கு ஒரு பயிற்றுநரை மூன்று ஆண்டுகளுக்குச் சம்பளத்தோடு அமர்த்துங்கள். கிழமையில் இரண்டு பின்னேரங்களும் ஞாயிறு முழுவதும் தனியார் வகுப்பு இல்லை என்று ஊரில் கூடி முடிவெடுங்கள். எங்களூர்ச் சனசமூக நிலையத்தில் அடுத்த கூட்டத்தில் இதை நான் முன்மொழியப்போகிறேன். தோற்றாலும் தோற்கட்டும். அதற்கு முன்பாக அந்தப் பையனின் வீட்டுக்கு இன்னொருமுறை போகவேண்டியிருக்கிறது. தாய் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் விடையில்லை. இருந்தும் போவேன்.